ஏடும் கெடுவும் எழுத்தும்: வெகுசன நாவலாசிரியர் மூவரின் வாழ்வை முன்வைத்துச் சில கருத்துகள்

தமிழ் நாவல் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரண்டு பேரேடுகளை வைத்திருந்தனர். ஒன்றில் இலக்கியம் பதியப்பட்டது. மற்றொன்றில் வணிக எழுத்து பதியப்பட்டது. முதற்பேரேட்டில் இடம்பெற்றோரின் நூல்கள் ஆராயப்பட்டன. இரண்டாவதில் இடம்பெற்றோர்க்குப் பெயர்ப் பட்டியல் போதுமெனக் கருதப்பட்டது. சிட்டியும் சிவபாதசுந்தரமும் இணைந்தெழுதிய 'தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்' (1977) போன்ற விரிவான நூல்கள் வந்த பின்னரும் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இப்பிரிவினை மாறவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' (2002) தொடக்ககால நாவல்களை வாசித்தோர் யார், எவ்வாறு வாசித்தனர் என்ற வினாக்களை எழுப்பி ஒரு புதிய வாயிலைத் திறந்தது. அவ்வாயில் வழியே நாம் அதிகதூரம் சென்றதாகக் கூறவியலாது.

இக்கட்டுரைக்கு உடனடிக் காரணமாக அமைந்த நிகழ்ச்சியொன்றைக் கூறிவிடுதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன்னர், முதுகலை மாணவி ஒருவர் ரமணிசந்திரனின் நாவல்களைப் பினாங்குத் தமிழ்ப் பெண்கள் வாசித்த முறை பற்றி ஆய்வேடு எழுத விரும்பினார். தலைப்பைப் பரிசீலித்த குழு ஒன்று, "ஆய்வுக்குரிய ஆழம் இல்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. அக்குழுவில் நாமும் ஓர் உறுப்பினராக அமர்ந்திருந்தோம். மறுத்துப் பேசவில்லை. வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்த நாள்களில், அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் பெண்கள் காதற்கதைகளை ஏன் வாசிக்கின்றனர் என்று ஜேனிஸ் ராட்வே 1984இல் எழுதிய நூலை வியந்து பயின்றவர்கள் நாம். அயல்மொழியில் அறிவாகத் தோன்றியது, நம் மொழியில் ஒரு மாணவி முன்வைத்தபோது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது ஏன் என்பதற்கு நம்மிடம் இன்றுவரை மதிப்பான விடை இல்லை.

'வணிக எழுத்து' என்னும் சொல் ஒரு தீர்ப்பைத் தருகிறதேயன்றி, ஒரு விளக்கத்தைத் தருவதில்லை. அதிகம் விற்ற நாவலாசிரியர்களின் வாழ்க்கையை உற்றுநோக்கினால், அவர்கள் அனைவரும் ஒரே சந்தையில் ஒரே வகையாக எழுதியவர்கள் அல்லர் என்பது புலப்படும். அச்சகமும் ஏடும் யாருடையவை, பக்க அளவை வரையறுத்தவர் யார், எழுதிமுடிக்கக் கெடு விதித்தவர் யார் என்னும் மூன்று கேள்விகளுக்கான விடை ஒவ்வொருவர்க்கும் வேறுபடுகின்றது. அவ்வேறுபாடே அவர்தம் நாவல்களின் வடிவத்தையும் வேறுபடுத்தியது என்பது நம் கருத்து. இதனை வை.மு. கோதைநாயகி அம்மாள், ராஜேஷ்குமார், ரமணிசந்திரன் ஆகிய மூவரைக் கொண்டு காண முற்படுகிறோம்.

ஏட்டுக்கு உரிமையாளர்

வை.மு. கோதைநாயகி 1901இல் பிறந்தார். ஐந்து வயது கடந்த நிலையில் திருமணம் நிகழ்ந்தது. பள்ளிக்கூடம் சென்றறியாதவர். கதை சொல்வதில் இயல்பான திறன் இருந்தும், எழுதும் பழக்கம் இல்லாமையால், தம் முதற்படைப்பான 'இந்திரமோகனா' என்னும் நாடகத்தை அவர் வாய்மொழியாகக் கூற, தோழி பட்டம்மாள் எழுதினார். நம் திறனாய்வாளர்கள் இச்செய்தியை ஒரு சுவையான துணுக்காகவே கையாண்டு வருகின்றனர். ஆனால் அவருடைய நாவல்களின் நடைக்கு இதனைவிடச் சிறந்த திறவுகோல் வேறில்லை. பக்கம் பக்கமாக நீளும் உரையாடல், விவரிப்பை விடக் குரலை நம்பும் போக்கு, கதை மாந்தர் ஒருவர் பேசத் தொடங்கினால் மூச்சு வாங்கும்வரை நிறுத்தாமை ஆகியன எல்லாம் சொல்லப்பட்ட கதையின் இயல்புகள். பின்னர் அவர் தாமே எழுதக் கற்றுக்கொண்டார். குரல் மட்டும் மாறவில்லை.

1925இல் அவர் 'ஜகன்மோகினி' என்னும் ஏட்டை விலைக்கு வாங்கித் தம் நாவல்களை அதில் தொடராக வெளியிட்டார். 'வைதேகி' அவ்வாறு வெளிவந்த முதல் நாவல். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்வேட்டை நடத்திய அவர் 115 நாவல்களை எழுதினார். எழுத்தாளர், ஆசிரியர், வெளியீட்டாளர் ஆகிய மூன்று பொறுப்புகளும் ஒரு பெண்ணிடம் சேர்ந்திருந்தன. அக்காலத்து வெகுசன நாவலுலகில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகிய ஆடவர்களே கோலோச்சினர் என்பதை நினைவிற்கொண்டால், இச்செயலின் துணிவு விளங்கும். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றபோதும் அவர் எழுதினார்; கணவர் பார்த்தசாரதி ஏட்டை நிறுத்தாமல் வெளிக்கொணர்ந்தார்.

இவ்வுரிமை அவருடைய நாவல்களுக்கு என்ன செய்தது? அவற்றை நெகிழ்வாக்கியது. காதலர் பிரிவை விவரித்துக்கொண்டிருக்கும் அத்தியாயத்தின் நடுவே மதுவிலக்கைப் பற்றியோ விதவை மறுமணத்தைப் பற்றியோ ஒரு சொற்பொழிவை நுழைக்க அவரால் முடிந்தது. தடுப்பதற்கு மேலே வேறோர் ஆசிரியர் இல்லை. மேடைப் பேச்சிலும் இசையிலும் அவருக்கிருந்த ஈடுபாடு கதைக்குள் தடையின்றிப் புகுந்தது. இது குறையா நிறையா என்றால், இரண்டும்தான். இன்றைய வாசகர்க்குப் பல அத்தியாயங்கள் சலிப்பூட்டும். கதைப்பின்னலும் தற்செயல்களை மிகுதியாக நம்புகிறது. எனினும், ஒரு பெண் தான் எண்ணியதை எல்லாம் எண்ணிய அளவில் அச்சேற்றிய அப்பக்கங்களுக்கு இணையானவற்றைப் பின்வந்த அரை நூற்றாண்டுத் தமிழ் வெகுசன எழுத்தில் தேடிக் காண்பது அரிது.

அவ்வுரிமைக்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. ஏட்டின் வாழ்வும் அவர் வாழ்வும் ஒன்றாகிவிட்டன. 1956இல் மகனை இழந்த துயரிலிருந்து அவர் மீளவில்லை. காசநோய்க்கு ஆளாகி 1960இல் மறைந்தார். அவருடைய 'தயாநிதி' நாவல் 1966இல் 'சித்தி' என்னும் திரைப்படமாகிப் பெருவெற்றி பெற்றது. பத்மினி நடித்த அப்படத்தைக் கண்டு கண்ணீர் விட்ட மலேசியத் தமிழ்ப் பெண்களுள் எத்தனை பேர்க்கு மூலக்கதையாசிரியரின் பெயர் தெரிந்திருக்கும்? ஏடு நின்றதும் பெயரும் நின்றுவிட்டது. தம் நூல்களைத் தாமே சுமந்தவர்க்கு, தமக்குப் பின் சுமக்க ஒரு பதிப்பகம் அமையவில்லை.

மாதந்தோறும் ஒரு கெடு

இடைக்காலத்தைச் சுருக்கமாகக் கடக்கலாம். கல்கி, அகிலன், நா. பார்த்தசாரதி, சாண்டில்யன் ஆகியோர் வார ஏட்டுத் தொடர்கதையின் பொற்காலத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகுதி. லக்ஷ்மியை மட்டும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். மருத்துவக் கல்லூரிக் கட்டணம் செலுத்தப் பணம் வேண்டி 'ஆனந்த விகட'னில் எழுதத் தொடங்கிய திரிபுரசுந்தரி, பின்னர் தென்னாப்பிரிக்காவில் இருபதாண்டுக்கு மேல் வாழ்ந்து, 1984இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். காசுக்காக எழுதுவது கலைக்குப் பகை என்போர் இவ்வாழ்க்கையைக் கருத்திற்கொள்ளுதல் நலம்.

1969இல் 'ராணிமுத்து' வெளிவரத் தொடங்கியதும் ஒரு புதிய ஏற்பாடு உருவாயிற்று. முழுநாவல் ஒன்று, மலிவான தாளில், மலிவான விலையில், மாதந்தோறும் பெட்டிக்கடையில் தொங்கியது. 'மாலைமதி' அதனைத் தொடர்ந்தது. எண்பதுகளில் ஜி. அசோகன் வெளியிட்ட 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' முதலியன இவ்வேற்பாட்டை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றன. சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், புஷ்பா தங்கதுரை, இந்திரா சௌந்தர்ராஜன் எனப் பலர் இதில் எழுதினர். எனினும் இவ்வேற்பாட்டின் முழு உருவாக நிற்பவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜேஷ்குமார்.

1947இல் பிறந்த கே.ஆர். ராஜகோபால் என்னும் ராஜேஷ்குமார் அறுபதுகளின் இறுதியில் சிறுகதை எழுதத் தொடங்கினார். அவருடைய முதல் நாவலான 'வாடகைக்கு ஓர் உயிர்' 1980இல் 'மாலைமதி'யில் வெளிவந்தது. அதன் பின்னர் எழுதிய நாவல்கள் 1500க்கும் மேற்பட்டவை. இவ்வெண்ணை நாற்பதாண்டுகளுக்குப் பகிர்ந்து பார்த்தால் மாதத்திற்கு மூன்று நாவல்கள் என்றாகிறது. திறனாய்வாளர் இதைக் கேட்டு நகைப்பர். நாம் நகைப்பதற்கு மாறாக, மாதம் மூன்று நாவல் எழுதவேண்டிய ஒருவர் எத்தகைய வடிவத்தைக் கண்டுபிடிப்பார் என்று கேட்டுப் பார்த்தோம்.

அவர் கண்ட வடிவம் இரட்டைத் தடம். ஓர் அத்தியாயத்தில் கோவையில் ஒரு குடும்பம்; அடுத்ததில் சென்னையில் ஒரு பிணம். மூன்றாவதில் மீண்டும் கோவை. நான்காவதில் மீண்டும் சென்னை. இரண்டு கதைகளுக்கும் தொடர்பு யாதென்று இறுதி அத்தியாயங்கள் வரை தெரியாது. விவேக் வந்து முடிச்சை அவிழ்க்கும்போது இரண்டு தடங்களும் ஒன்றில் கூடும். நூறு பக்கத்தை ஒட்டிய சிறு நாவலில் ஒரே கதையை வளர்த்தால் நடுப்பகுதி தொய்யும். இரண்டு கதைகளை மாற்றி மாற்றிச் சொன்னால் ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் ஓர் இடைவெளி இலவசமாகக் கிடைக்கிறது. வாசகர் அவ்விடைவெளியைத் தாமே அச்சத்தால் நிரப்பிக்கொள்கின்றனர். பக்க அளவும் கெடுவும் நெருக்கிய நெருக்கடியில் பிறந்த கலைநுட்பம் இது. தமிழில் இத்துணைச் சீராகவும் இத்துணைக் காலமும் கையாளப்பட்ட கதைகூறு முறை வேறொன்றைச் சுட்டுதல் கடினம்.

குறைகளை மறைக்கத் தேவையில்லை. விவேக்கும் ரூபலாவும் ஆண்டுகள் பல கடந்தும் முதிர்வதில்லை. கொலைக்கான காரணம் பல நாவல்களில் இறுதி இரண்டு பக்கங்களில் அவசரமாக வாக்குமூலமாகக் கொட்டப்படுகிறது. பக்கம் முடிகிறது, எனவே கதையும் முடிகிறது. கோதைநாயகி அம்மாளாயின் இன்னும் நான்கு அத்தியாயம் எழுதியிருப்பார், ஏடு அவருடையது. ராஜேஷ்குமாருக்கு அவ்வசதி இல்லை.

ஆண்டு குறிக்கப்படாத கதைகள்

1938இல் பிறந்த ரமணிசந்திரனின் நிலை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. தொடர்கதைகளாகவும் மாத நாவல்களாகவும் அவர் எழுதியிருப்பினும், அவருடைய நிலைத்த வாழ்வு நூல்வடிவில், குறிப்பாக அருணோதயம் பதிப்பகத்தின் மறுபதிப்புகளில் அமைந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அவருடைய நாவல்கள் மீண்டும் மீண்டும் அச்சாயின. தமிழில் மிகுதியாக விற்கும் நாவலாசிரியர் இவரே என்று பதிப்புலகம் நெடுங்காலமாகக் கூறிவருகிறது.

மாத நாவல் அம்மாதமே விற்றாக வேண்டும். மறுபதிப்பு நூலோ இருபதாண்டு கழித்தும் விற்றாக வேண்டும். ரமணிசந்திரனின் நாவல்களில் நாம் கவனித்த ஒரு செய்தி இதனோடு தொடர்புடையது. அவற்றில் ஆண்டு இல்லை. தேர்தல் இல்லை, ஆட்சி மாற்றம் இல்லை, திரைப்படப் பெயர்கூட அரிது. சென்னை என்று ஊர் சுட்டப்பட்டாலும், அது ஒரு பெரிய வீட்டின் தோட்டம், ஓர் அலுவலகத்தின் அறை, ஒரு மகிழுந்தின் முன்னிருக்கை ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. இதனை வறுமையான சித்திரிப்பு என்று திறனாய்வாளர் கூறுவர். நாமும் அவ்வாறே கருதியிருந்தோம். ஆனால் பினாங்கில் இந்நூல்களை வாசித்த பெண்களிடம் உரையாடியபோது வேறொன்று தெரியவந்தது. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஒரு மூதாட்டி, "அது இந்தியாவில நடக்குற கதைன்னு நான் நினைச்சதே இல்ல, சார்" என்றார். காலமும் இடமும் துடைத்தெடுக்கப்பட்டதனால்தான் அக்கதைகள் கடல் கடந்தும் வேற்றூர்க் கதைகளாகாமல் இருந்தன. தமிழ்நாட்டு அரசியலும் தெருப்பெயரும் நிறைந்த தரமான நாவல்கள் பல அவருக்கு எட்டவில்லை.

இதனால் ரமணிசந்திரனின் கருத்துலகை ஏற்கிறோம் என்று பொருளன்று. செல்வந்தனும் சினமுடையவனுமாகிய கதைத்தலைவன் பெண்ணைச் சொல்லால் வருத்துவதும், இறுதியில் அது ஆழ்ந்த அன்பின் அடையாளம் என விளக்கப்படுவதும் அவருடைய நாவல்களில் திரும்பத் திரும்ப வருவன. இளம்பெண்களுக்கு இவை என்ன கற்பித்தன என்ற வினா கடுமையானது. அம்மாணவியின் ஆய்வுத்திட்டத்தில் அவ்வினாவும் இருந்தது. அதே வேளையில், அவருடைய தலைவியர் பெரும்பாலும் வேலைக்குச் செல்பவர்கள், மானம் மிக்கவர்கள், கையிலிருக்கும் பணத்தை எண்ணிப் பார்ப்பவர்கள். தொழிற்சாலையில் இரவுப் பணி பார்த்த ஒரு தலைமுறைப் பெண்கள் அத்தலைவியரில் எதைக் கண்டனர் என்பதை வாசித்தோரைக் கேட்டே அறியமுடியும். இவ்வாசகியருள் பலர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர்.

இங்கே அமையாதவை

மலேசியத் தமிழ் நாவலின் தொடக்கமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' (1917). 'அல்லது' என்று இரண்டு தலைப்புகளை இணைக்கும் வழக்கம் அக்காலத் தமிழக வெகுசன நாவலின் முத்திரை. ஆக, நம் நாவல் வெகுசன நாவலின் உடையணிந்தே பிறந்தது. பின்னர் அவ்வுடையை ஏன் களைந்தது?

நம் விடை எளியது. மேற்கூறிய மூன்று ஏற்பாடுகளில் ஒன்றும் இந்நாட்டில் நிலைபெறவில்லை. எழுத்தாளரே உரிமையாளராகி முப்பதாண்டு நடத்திய நாவல் ஏடு இங்கில்லை. மாத நாவல் தொழில் இங்கில்லை. ஒரே ஆசிரியரை மறுபதிப்புகளால் வாழவைத்த பதிப்பகமும் இங்கில்லை. 'ரஜூலா' போன்ற கப்பல்கள் பினாங்குத் துறைமுகத்தில் ஆட்களோடு ஏடுகளையும் இறக்கிய காலம் முதல், வாசகர் தேவையைத் தமிழகமே நிறைவு செய்தது. உள்ளூர் எழுத்தாளர் ஞாயிற்றுப் பதிப்புகளை நம்பினார். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' போன்ற ஏடுகள் அவருக்குக் களமாயின. 2019இல் அவ்வேடும் நின்றது. அ. ரெங்கசாமி ஆசிரியர் பணி செய்துகொண்டே எழுதினார். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கி 2016இல் மறைந்த ரெ. கார்த்திகேசு, 'வானத்து வேலிகள்' முதலான நாவல்களைத் தம் ஊதிய வாழ்வின் ஓரத்தில் எழுதினார். நாவல் எழுதி வாழ்தல் என்பது இங்கு ஒரு தொழிலாகவே கருதப்படவில்லை.

இந்நிலை நம் நாவலைச் சந்தையிலிருந்து காத்தது என்று சிலர் பெருமைப்படுவர். நமக்கு அப்பெருமையில் உடன்பாடில்லை. சந்தை இல்லாத இடத்தைப் போட்டிகள் நிரப்பின. அமைப்புகள் நடத்திய நாவல் போட்டிகளுக்கும் பக்க வரையறை உண்டு, கெடு உண்டு, நடுவர் உண்டு. சயாம் மரண இரயில், சப்பானியர் ஆட்சி, தோட்டத் துண்டாடல் ஆகிய பொருள்கள் நம் நாவல்களில் இத்துணை முறை வருவதற்கு அவற்றின் வரலாற்று முதன்மை ஒரு காரணம். நடுவர்கள் பேராசிரியர்களாகவும் சமூகத் தலைவர்களாகவும் இருந்தமை மற்றொரு காரணம் என்று கூறத் தயங்குகிறோம். எனினும் கூறவேண்டியுள்ளது, ஏனெனில் அந்நடுவர் வரிசையில் நாமும் அமர்ந்திருக்கிறோம். ராஜேஷ்குமாரின் நாவலைப் பெட்டிக்கடை வடிவமைத்தது என்றால், நம் நாவலைப் பரிசளிப்பு மேடை வடிவமைத்தது. முன்னதை வணிகம் என்றும் பின்னதை இலக்கியம் என்றும் ஆராயாமலே பெயரிட்டோம்.

2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுசனக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தொகுத்தபோது, ஆங்கில வாசகர்கள் ராஜேஷ்குமாரையும் ரமணிசந்திரனையும் ஆர்வத்தோடு வரவேற்றனர். தமிழ்த்துறைகள் பல அத்தொகுப்புக்குப் பின்னரே இவர்களை ஒரு பொருளாக ஏறிட்டுப் பார்த்தன. இன்று பிரதிலிபி முதலான செயலிகளில் புதிய தலைமுறைப் பெண்கள் கைப்பேசியிலேயே தொடர்கதை எழுதுகின்றனர். வாசகர் கருத்து அத்தியாயத்துக்கு அத்தியாயம் வந்து சேர்கிறது. கோதைநாயகி அம்மாளின் தொடர் முறை ஏட்டு உரிமையின்றித் திரும்பியிருக்கிறது எனலாம். அது தனியே ஆராயத்தக்கது.

லெபு குயினில் மகா மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தொலைவில் ஒரு கடை இருந்தது. பூசைப் பொருள்கள் விற்ற அக்கடையின் பின்பகுதியில் மாத நாவல்கள் வாடகைக்குக் கிடைத்தன. நம் அன்னையார் அங்கு வாடிக்கையாளர். அட்டையும் தலைப்பும் ஒன்றுபோல் இருப்பதால், ஏற்கெனவே வாசித்த நூலையே மீண்டும் எடுத்துவிடாதிருக்க, ஒவ்வொரு வாசகியும் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் தம் அடையாளத்தைச் சிறியதாக எழுதிவைப்பது வழக்கம். ஒருவர் ஒரு புள்ளி வைப்பார். ஒருவர் ஒரு பூவை வரைவார். ஒருவர் பெயரின் முதலெழுத்தை எழுதுவார். கடை மூடப்பட்டபோது பெரும்பகுதி பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போயிற்று. எஞ்சிய இரண்டு பெட்டிகளை நாம் கேட்டுப் பெற்றோம். எந்த நூலகமும் அவற்றைப் பதிவேட்டில் ஏற்க முன்வராமையால், அவை நம் அறையிலேயே உள்ளன. தலைப்பு மறுக்கப்பட்ட அம்மாணவி இன்று கெடாவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறார். விடுமுறை நாள்களில் வந்து அப்பெட்டிகளிலுள்ள அடையாளங்களைப் பட்டியலிட்டு வருகிறார். ஒரு ரமணிசந்திரன் நாவலின் இருபத்தேழாம் பக்கத்தில் மட்டும் பதினோர் அடையாளங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, பென்சிலால் எழுதிய 'சி' என்னும் எழுத்து. அதே 'சி' இதுவரை நாற்பத்திரண்டு நூல்களில் காணப்பட்டுள்ளது.